முப்பத்தொன்றரை

எங்கள் நாரைகள் ஜெயிப்பார்களா என்று
யாரும் கேட்பதில்லை.
பந்தயக்காரனும் கேட்பதில்லை.
எவ்வளவில் தோற்பார்கள், அதுதான் அவன் வியாபாரம்.
முப்பத்தொன்றரை என்கிறது போன்.
அந்த அரைப் புள்ளியை
எந்த மைதானத்திலும் எவனும் அடித்ததில்லை.
சமன் என்று சொல்லி யாரும் நழுவிவிடாதபடி
கணக்கில் செருகிய முள் அது.

கான்சாஸில் நவம்பர்.
பெட்ரோல் பங்கில் எனக்கு இரவு ஷிப்ட்.
நாலாம் பம்புக்கு மேல் விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது.
ரசீதுச் சுருளின் முதுகில்
எடைபோடுகிறேன்.

ஆடியது ஒன்பது. வென்றது ஒன்று,
அதுவும் எதிரணிப் பேருந்து வழியில் படுத்து
அவர்கள் பட்டினியோடு வந்திறங்கிய நாள்.
இடது டேக்கிள், காகிதத்தில் முந்நூறு பவுண்டு.
ஈரத் துண்டோடு நிறுத்தியிருப்பார்கள்.
ட்ரேவன் நல்ல ஓட்டக்காரன்,
வழி இருந்தால்.
அணியிலேயே கைதேர்ந்தவன், இல்லை, கால்தேர்ந்தவன்
பந்தைத் தொலைவுக்கு உதைத்துக் கொடுப்பவன்;
அவனுக்குத்தான் ஓயாத வேலை.
பயிற்சியாளர் ஹாலிஸ்டர் வீட்டுப் புல்தரையில்
'விற்பனைக்கு' என்று பலகை,
இன்னும் இரண்டு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே.

எதிரே பெரிய பல்கலைக்கழகம்.
வந்து உதைவாங்கிப் போவதற்கு
நாலரை லட்சம் டாலர் தருகிறார்கள் எங்களுக்கு.
உடற்பயிற்சிக் கூடத்தின் கூரை இனி ஒழுகாது.

ஆனாலும் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.
சனிக்கிழமை மணிக்கு முப்பத்தைந்து மைல்.
அந்தக் காற்றில் எறிய மாட்டார்கள், ஓடுவார்கள்;
அவர்கள் ஓட, கடிகாரமும் ஓடும்.
மூன்றாம் பகுதி முடிவதற்குள் சலித்துப்போய்
இரண்டாம் வரிசைப் பையன்களை இறக்கிவிடுவார்கள்,
அவர்கள் அம்மாக்கள் படமெடுக்கட்டும் என்று.
இருபத்தெட்டில் நிற்கும்.
இரக்கத்தால் இல்லை, அலுப்பால்.
அலுப்பை நம்பிப் பணம் கட்டலாம்.
இரக்கத்தை நம்பிக் கட்டியவன் என் தங்கை புருஷன் கெர்மிட்;
அவன் லாரியை இப்போது வேறொருவன் ஓட்டுகிறான்.

அறுபது டாலர், நாரைகள் மேல் என்று
விரல் வைக்கப் போகிறேன், கதவு மணி அடிக்கிறது.

க்வார்ட்டர்பேக் விட்லாக். பத்தொன்பது வயது.
இரண்டு மூட்டை ஐஸ், ஒரு பர்ரிட்டோ.
வலது கை ஜாக்கெட் பையை விட்டு வரவில்லை,
பூனைக்குட்டியை ஒளித்துக்கொண்டு
விடுதிக்குள் நுழைபவன் மாதிரி.
ஒற்றைக் கையால் பர்ஸைத் திறக்க முடியாமல் போனபோது
வெளியே வந்தது:
கட்டைவிரல் கத்தரிக்காய் நிறம்.
"கார் கதவுல நசுங்கிடுச்சு," நான் கேட்காமலே சொன்னான்.
"கோச்சுக்குத் தெரியாது."

பந்தயக்காரனுக்கும் தெரியாது.
இந்த மாநிலத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்,
ஒருவன் முன்னால் ஐஸ், இன்னொருவன் முன்னால் போன்.

ஆகஸ்டிலிருந்து அவனிடம் ஐஸுக்குக் காசு வாங்கியதில்லை.
ஏன் என்று நானும் யோசித்ததில்லை.
இன்று நாரைகள் மேல் கட்டினால்
இந்த ஐஸ் முதலீடு.
எதிர்ப்பக்கம் கட்டினால்
இது என்ன?

கல்லாவைத் தட்டினேன்.
"ஐஸ் அஞ்சு. பர்ரிட்டோ மூணு எண்பது."
நிமிர்ந்து பார்த்தான். எதுவும் சொல்லாமல்
கசங்கிய ஒற்றை நோட்டுகளை
இடது கையால் ஒவ்வொன்றாக நீவி வைத்தான்.
ஒன்பது.
"சனிக்கிழமை வர்றீங்கல்ல, மிஸ்டர் பெக்ஸ்ட்ரம்?"
"டிக்கெட் எடுத்தாச்சு."
எடுக்கவில்லை.

மூட்டைகளை நான்தான் தூக்கி அவன் தோளில் ஏற்றினேன்.
முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு போனான்.
உள்ளே புகுந்த காற்று
நாரைகளையும் கூரையையும் இருபத்தெட்டையும்
சுருளோடு தரையில் உருட்டிவிட்டது.

திரையில் இன்னும் முப்பத்தொன்றரை.
கீழே இரண்டு கட்டம், அவர்கள், இவர்கள்.
விரலில் ஐஸ் ஈரம்.
தொட்டதைத் திரை ஏற்கவில்லை.
சட்டையில் துடைத்துக்கொண்டேன்.